பேரிங்கை மாற்றுவதா, வண்டியைக் கைமாற்றுவதா? – 2002 பாக்ஸ்டர் எஸ்

2 மார்ச் 2024 – கேள்வி

2002 போர்ஷே பாக்ஸ்டர் எஸ். ஆறு கியர் மேனுவல், 71,000 மைல், முதலிலிருந்தே கலிஃபோர்னியா வண்டி. கிளட்ச் பெடல் கெட்டியாகிவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. ஐஎம்எஸ் (எஞ்சினின் இடைத்தண்டு) பேரிங் மாற்றியதாக எந்த ரசீதும் இல்லை. பேரிங், ஆர்எம்எஸ் சீல் (கிராங்கின் கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீல்), கிளட்ச், வாட்டர் பம்ப், ஏஓஎஸ் (ஆயில் ஆவி பிரிப்பான்) எல்லாம் சேர்த்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் 5,200 டாலர் கேட்கிறார்கள். இருக்கிறபடியே 9,000 தருகிறேன் என்று ஒருவர் காத்திருக்கிறார். இந்த வேலைகள் முடிந்த வண்டிகளை 13,000 என்று விளம்பரத்தில் பார்க்கிறேன். செய்துவிட்டு விற்கவா, அப்படியே விற்கவா, நானே வைத்துக்கொள்ளவா?

2 மார்ச், இரவு

செய்துவிட்டு விற்பதை இப்போதே அடித்துவிடுங்கள். 5,200 போட்டு, கேட்கிற 13,000 அப்படியே கிடைத்தாலும் கையில் மிஞ்சுவது 7,800. இன்றைக்கே 9,000 கிடைக்கிறது. அந்த 13,000 விளம்பர விலைதான், முடிந்த விலை அல்ல. பேரிங் மாற்றிய வண்டி சீக்கிரம் விலை போகும். ஆனால் மாற்றிய செலவை வாங்குபவர் உங்களுக்குத் திருப்பித் தரமாட்டார்.

மிச்சம் இரண்டு வழிதான். அதற்கும் இன்று பதில் சொல்ல முடியாது. ஆயில் பில்டரைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் ஒரு டாலர்கூட எங்கேயும் கொடுக்காதீர்கள், 9,000காரருக்கும் பதில் சொல்லாதீர்கள்.

3 மார்ச்

பில்டர் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்ற எல்லாம் இதில்தான் நிற்கிறது.

உங்கள் வண்டியில் இருக்கும் எம்96 எஞ்சினில் கிராங்குக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. அதன் கியர்பாக்ஸ் பக்க முனையைத் தாங்குவதுதான் இந்த ஐஎம்எஸ் பேரிங். ஆரம்ப கால எஞ்சின்களில் இரட்டை வரிசைக் குண்டு. உங்கள் வருஷத்தில் ஒற்றை வரிசை, 6204 அளவு, அதாவது உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். தாங்கும் பரப்பு குறைவு, அதனால் இரட்டை வரிசையைவிட இதுதான் அதிகம் போகிறது. இரண்டு பக்கமும் சீல் போட்டு, உள்ளே கிரீஸ் அடைத்து வரும். வருஷம் போகப் போக சீல் தளர்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே கசியும், கிரீஸைக் கழுவிவிடும். ஆனால் சீல் அங்கேயே இருப்பதால் புது ஆயில் தாராளமாக வந்துபோக வழியில்லை. உள்ளே மாட்டிய பழைய ஆயில், ஈரம், அமிலம் எல்லாம் அங்கேயே ஊறும். பேரிங் சிதைந்தால் இடைத்தண்டு ஆடும், செயின் பல் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதும். அத்துடன் எஞ்சின் முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பேரிங் உதிர ஆரம்பித்துவிட்ட எஞ்சினில் புதுப் பேரிங் போட்டுப் பயனில்லை. இரும்புத் துகள் ஆயிலோடு எஞ்சின் முழுக்கப் போயிருக்கும், புதுப் பேரிங்கையும் அதே துகள்தான் தின்னும். அப்படிப்பட்ட வண்டிக்கு 5,200 போடுவது மொத்தமாக வீண். பில்டரில் துகள் தெரிந்தால், அதை மறைக்காமல் சொல்லி இருக்கிறபடி விற்பதுதான் வழி. சுத்தமாக இருந்தால்தான் ரிப்பேர் பேச்சையே எடுக்கலாம்.

3 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

செய்முறை விட்டுப்போயிற்று.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள். வடிகால் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் ஆலன் கீ. சுத்தமான வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் பிடியுங்கள், கறுப்புத் தொட்டியில் துகள் கண்ணுக்குத் தெரியாது. எட்டு லிட்டருக்கு மேல் வரும், சின்னத் தொட்டி போதாது. பில்டர் கிண்ணத்தைக் கழற்ற 74 மில்லிமீட்டர், 14 முக சாக்கெட். கிண்ணத்தின் அடியில் தேங்கிய ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள். கனமான துகள் அங்கேதான் படியும்.

பில்டர் தாளின் மேல் மூடியையும் கீழ் மூடியையும் கத்தியால் வெட்டி எடுத்து, மடிப்புகளைப் பிரித்து விரியுங்கள். பெஞ்ச் வைஸில் வைத்து இறுக்கி ஆயிலைப் பிழிந்த பிறகு, ஒவ்வொரு மடிப்பையும் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். மினுக்குவது எதுவாக இருந்தாலும் அதன் மேல் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தை மெல்லிய பாலிதீன் பையில் போட்டுக்கொண்டால் ஒட்டியதை எண்ண முடியும்.

காந்தத்தில் ஒட்டும் வெள்ளி முள் மாதிரித் துகள் என்றால் பேரிங் எஃகு. ஒட்டாத மினுமினுப்பு அலுமினியம், அது சிலிண்டர் அல்லது பிஸ்டன் பக்கத்தைக் காட்டும். பழுப்பு அல்லது கறுப்பு பிளாஸ்டிக் சில்லுகள் வந்தால் அது வேறு கதை, வந்த பிறகு பேசலாம்.

திரும்ப மாட்டும்போது வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், 50 நியூட்டன் மீட்டர். கிண்ணத்துக்கு 25 போதும். கையில் பலம் இருக்கிறது என்று இறுக்கினால் அடுத்த முறை கிண்ணம் விரிசல் விடும்.

9 மார்ச் – கேட்டவர்

காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. மினுக்கும் இல்லை. நகத்தின் பாதி அளவில் இரண்டு பழுப்புச் சில்லுகள், அரிசிக் குருணை அளவில் ஆறேழு. அமுக்கினால் நொறுங்குகிறது.

9 மார்ச்

நல்ல செய்தி. உங்கள் எஞ்சின் ஐந்து செயின் வகை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகளை இணைக்கும் சின்னச் செயின் ஒன்று இருக்கிறது. அது ஒரு பிளாஸ்டிக் மெத்தையின் மேல் வழுக்கி ஓடும். காலப்போக்கில் அந்த மெத்தை காய்ந்து உதிர்கிறது. 2003இல் வந்த மூன்று செயின் எஞ்சின்களில் இந்த மெத்தையே கிடையாது.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத் திறக்காமலே பார்க்கலாம். டியூராமெட்ரிக் மாதிரி போர்ஷே மொழி தெரிந்த ஸ்கேனரை மாட்டி, சூடான எஞ்சின் ஐட்லில் இருக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் கேம் டீவியேஷன், அதாவது கேம் ஷாஃப்ட் இருக்க வேண்டிய கோணத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்ணைப் படியுங்கள். அனுமதி கூட்டியோ குறைத்தோ 6 டிகிரி வரை. எண் ஆடாமல் நின்றால் நல்லது. ஐட்லில் நடுங்கினால் செயின் தளர்ந்திருக்கிறது.

அதே ஸ்கேனரில் இன்னும் இரண்டு எண் எடுத்து வாருங்கள். ஒன்று எஞ்சின் ஓடிய மொத்த மணி. 71,000 மைலை அதால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 2,290 மணி என்றால் மணிக்கு 31 மைல், நம்பக்கூடிய எண். 1,400 மணி என்றாலோ 4,000 மணி என்றாலோ ஓடோமீட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். இன்னொன்று ஓவர்ரெவ் கணக்கு, எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றியபோது விழுந்த தீப்பொறிகளின் எண்ணிக்கை. முதல் வரிசை, சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரைத் தொட்டால் ஏறுவது. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று தீப்பொறி, 7,300 சுற்றில் நொடிக்கு 365. ஆகவே 730 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், மொத்தம் இரண்டே நொடிதான். இரண்டாம் வரிசை அப்படியல்ல. நான்குக்குப் பதில் இரண்டாம் கியரில் விழுந்தால்தான் அது ஏறும். அதில் எண் இருந்தால், எத்தனையாவது மணியில் நடந்தது என்றும் எழுதி வையுங்கள். இன்றிலிருந்து 300 ஓட்ட மணி முன்பு நடந்ததா, 1,500 மணி முன்பா என்பது பெரிய வித்தியாசம்.

10 மார்ச்

நேற்றுச் சொல்லாதது: சிலிண்டர் சுவரில் கீறலா என்று பார்க்க இரண்டு சைலன்சர் குழாய்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தால் அந்தப் பக்கம் ஆயில் எரிகிறது.

10 மார்ச் – இன்னொரு வாசகர்

அது 911 மாடலுக்கு. பாக்ஸ்டரில் சைலன்சர் வாய் நடுவில். எஸ்ஸில் இரட்டைக் குழாய் தெரிந்தாலும் இரண்டு பக்கப் புகையும் ஒரே டப்பாவில் கலந்துதான் வெளியே வருகிறது.

10 மார்ச்

சரிதான், மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பாக்ஸ்டரில் அந்தச் சோதனை எதையும் காட்டாது. ஸ்பார்க் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும். ஆறையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி அட்டையில் குத்தி நிறுத்துங்கள். ஒரு பக்கத்து மூன்றும் சாம்பல் பழுப்பில் இருந்து, மறுபக்கத்தில் ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் சந்தேகத்துக்குரியது. அந்தத் துளை வழியாகவே போர்ஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு, பிஸ்டன் அடியில் இருக்கும்போது சுவரைப் பாருங்கள். லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) மட்டும் போதாது. அந்தச் சோதனையில் பிஸ்டன் உச்சியில் நிற்கும், கீறல் கீழே இருக்கும். லீக்டவுன் 8 சதவீதம் காட்டிய எஞ்சினிலும் கீழ்ப்பாதியில் நீளக் கீறல் இருக்கலாம்.

பிளக் கழற்றும்போதே இக்னிஷன் காயில்களின் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும், பிளக் குழாய்க்குள் ஆயில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் ஓ-ரிங் போயிருக்கிறது. ஒரு குழாய்க்கு இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. விலை சொற்பம், வாங்குபவர் கண்ணில் பட்டால் மட்டும் பெரிதாகத் தெரியும். புது பிளக்கை இறுக்க 30 நியூட்டன் மீட்டர்.

16 மார்ச் – கேட்டவர்

டீவியேஷன் ஒரு பக்கம் மைனஸ் 2.1, மறுபக்கம் மைனஸ் 3.4, இரண்டும் ஆடவில்லை. மணி 2,310. ஓவர்ரெவ் முதல் வரிசை 412, இரண்டாம் வரிசை பூஜ்யம். பிளக் ஆறும் ஒரே நிறம். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடு (தொழிற்சாலையில் இட்ட மெல்லிய குறுக்குக்கோடு) இன்னும் தெரிகிறது. ஆனால் ஆயில் மூடியை எஞ்சின் ஓடும்போது கழற்றவே முடியவில்லை, உள்ளே இழுக்கிறது.

16 மார்ச்

எஞ்சின் நன்றாக இருக்கிறது. 71,000 மைலுக்கு 2,310 மணி, சராசரி 30.7 மைல், பொய் இல்லை. 3.4 டிகிரி என்றால் மெத்தை தேய்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் தீர்ந்துவிடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை படித்துக் குறித்து வையுங்கள், 5ஐத் தாண்டும்போது யோசித்தால் போதும்.

மூடி இழுப்பது ஏஓஎஸ். கிராங்க்கேஸ் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் டப்பா அது. உள்ளே உள்ள ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தால் இன்டேக்கின் வெற்றிடம் நேராக எஞ்சினுக்குள் வரும். பழைய ஆயில் மூடியில் துளை போட்டுக் குழாய் மாட்டி, மானோமீட்டரில் (அழுத்தமானி) அளக்கலாம். ஐட்லில் 4 முதல் 6 அங்குல நீர் இருக்க வேண்டும். முழுக்கக் கிழிந்தால் ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும், அந்த ஆயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் போகும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த அளவு வெற்றிடம் ஆர்எம்எஸ் சீலையும் உள்ளே இழுத்துக் கெடுக்கும். கசிவுக்குச் சீலை மட்டும் குற்றம் சொல்லி மாற்றினால் புதுச் சீலும் கசியும்.

17 மார்ச்

அந்த 5,200ஐப் பிரித்துப் பார்த்தேன்.

கியர்பாக்ஸை இறக்கினால் ஒரே கூலியில் முடிபவை கிளட்ச், பேரிங், ஆர்எம்எஸ், ஏஓஎஸ். இந்த நான்கையும் பிரித்துச் செய்தால் கூலி மறுபடி மறுபடி போகும், ஆகவே நான்கும் ஒன்றாக. வாட்டர் பம்ப் அப்படியல்ல. அது எஞ்சினின் மறுமுனையில், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கியர்பாக்ஸ் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அதற்குத் தனிக் கூலிதான். அதை ‘சேர்த்து’ச் செய்வதில் மிச்சம் இல்லை. எப்போது மாற்றியது என்று ரசீது இருந்தால் இப்போது விட்டுவிடலாம். இல்லையென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளிருக்கும் இம்பெல்லர் பிளாஸ்டிக், உடைந்தால் துண்டுகள் எஞ்சினின் நீர்வழியில் போய் அடைக்கும். உலோக இம்பெல்லர் வாங்காதீர்கள். பம்ப் பேரிங் தளர்ந்தால் உலோகம் எஞ்சின் பிளாக்கையே அரைத்துவிடும். அந்தச் சுவர்தான் பம்பின் மறுபாதி, தனியாக மாற்ற முடியாது.

ஒர்க்‌ஷாப்பில் எந்தப் பேரிங் என்று எழுதி வாங்குங்கள். ‘அப்கிரேட்’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். பீங்கான் குண்டு வகைக்கும் ஆயுள் உண்டு, அதைத் தயாரித்தவர் சொல்லும் மைலில் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் அழுத்தத்தில் ஓடும், குண்டே இல்லாத பிளெயின் வகை விலை அதிகம், அதை மறுபடி திறக்கும் அவசியம் இல்லை. நான்கு வருஷம் ஓட்டிவிட்டு விற்பவருக்கு முதலாவது போதும்.

17 மார்ச், இரவு

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை, கேட்டால் வேலை தெரிந்தவர்களா என்று புரிந்துவிடும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றும் முன் கிராங்கை முதல் சிலிண்டர் உச்சியில் பின் போட்டுப் பூட்டுவீர்களா, கேமைப் பூட்டும் கருவி இருக்கிறதா? இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பூட்டாமல் கழற்றினால் செயின் ஒரு பல் தாவும், அது ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். ஆர்எம்எஸ் சீலை எந்த ஆழத்துக்கு அழுத்துவீர்கள்? பதில் 13 மில்லிமீட்டர், அதற்கான கருவியோடு. சுத்தியலால் தட்டி மட்டமாக நிறுத்துகிறவர்களிடம்தான் மறுபடி மறுபடி கசிகிறது. சீலின் உதட்டில் ஆயில் தடவக் கூடாது, இந்த டெஃப்லான் சீல் உலர்வாகவே போக வேண்டும். ஃப்ளைவீல் போல்ட் புதிதா? 25 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி. பழைய போல்ட் திரும்பப் போகக் கூடாது.

வேலைக்கு முன் பில்டரை அவர்களே ஒருமுறை வெட்டிப் பார்ப்போம் என்றால் அந்த இடத்தை நம்பலாம்.

23 மார்ச் – கேட்டவர்

போர்ஷே மீது வழக்கு நடந்து நஷ்டஈடு கிடைத்ததாகப் படித்தேன். எனக்குக் கிடைக்குமா?

23 மார்ச்

கிடைக்காது. 2013இல் முடிந்த சமரசம் அது. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான வண்டிகளுக்கு. உங்கள் வண்டி அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஆனால் முதல் விற்பனையிலிருந்து பத்து வருஷம், 130,000 மைல் என்ற வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது. வாங்க வருகிறவர் அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தால், பில்டர் படத்தைக் காட்டுங்கள்.

24 மார்ச்

விற்பதானால் இன்று உங்களிடம் இருப்பது 9,000 வண்டி அல்ல. விரித்த பில்டரின் படம், டீவியேஷன், மணி, ஓவர்ரெவ் அச்சு, ஆறு பிளக், போர்ஸ்கோப் படம். இவ்வளவும் ஒரே கோப்பில் வைத்து, கிளட்ச் கனமாக இருக்கிறது, ஏஓஎஸ் போயிருக்கிறது, பேரிங் மாற்றவில்லை என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். 9,000 தருகிறேன் என்றவர் எஞ்சின் போயிருக்கலாம் என்ற பயத்தையும் விலையில் கழித்துத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை.

கலிஃபோர்னியாவில் 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் (புகைச் சோதனை) சான்றிதழை விற்பவர்தான் தர வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது வண்டியின் கணினி தானே செய்து முடித்த புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளின் பதிவுகள், அழியும். 2000ஆம் ஆண்டு மாடலிலிருந்து வரும் பெட்ரோல் வண்டிகளில் ஈவாப் (பெட்ரோல் ஆவிக் கசிவுச் சோதனை) ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம், மற்ற எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆகவே வேலை முடிந்த மறுநாளே ஸ்மாக் நிலையத்துக்குப் போகாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் ஆரம்பித்து, சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டி, ஸ்கேனரில் பார்த்துவிட்டுப் போங்கள். கேட்டலிட்டிக் மாற்ற வேண்டியிருந்தால் மாநில அனுமதி எண் பொறித்ததுதான் செல்லும். அது இருக்கிற செலவிலேயே பெரியது, ஏஓஎஸ்ஸை உடனே மாற்றச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

விற்றால் ஐந்து நாளுக்குள் டிஎம்வியில் (மாநில வாகனத் துறை) பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைப் பதிந்துவிடுங்கள்.

24 மார்ச், பின்குறிப்பு

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமா?

30 மார்ச் – கேட்டவர்

லேசான ஈரம். எப்படித் தெரிந்தது?

30 மார்ச்

துணிக் கூரையின் இரண்டு பின்மூலையிலும், கதவுக்குப் பின்னால், மழைநீர் வடிகால் இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் சல்லடை, அதில் இலையும் தூசியும் அடைக்கும். தண்ணீர் வழிந்து சீட்டுக்கு அடியில் தேங்கும். அலாரம், சாவி அடையாளம், சென்ட்ரல் லாக் எல்லாவற்றுக்கும் உரிய கட்டுப்பாட்டுப் பெட்டி அங்கேதான் தரையோடு படுத்திருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, புதுப் பெட்டியும் சாவிப் பதிவும் ஆயிரம் டாலருக்கு மேல்.

கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, சல்லடையை விரலால் தூக்கி எடுத்துக் கழுவுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் பின்சக்கரத்துக்கு முன்னால் வடிய வேண்டும். காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள், உள்குழாய் கழன்றுவிடும். கூரையைக் கவனமாகக் கையாள வேண்டும், பின் பிளாஸ்டிக் ஜன்னலைக் குளிரில் மடிக்காதீர்கள், மடிப்பில் கிழியும். உங்கள் வருஷம் வரை பிளாஸ்டிக்தான், 2003இல்தான் கண்ணாடி வந்தது.

பெட்டியைத் திறந்து காயவைத்து, அடியில் 2 அங்குலம் உயரம் கொடுத்து மாட்டுங்கள்.

6 ஏப்ரல் – கேட்டவர்

வைத்துக்கொள்கிறேன். 9,000காரரிடம் சொல்லிவிட்டேன். வாட்டர் பம்ப் 2019 ரசீது கிடைத்தது, அதை விட்டுவிட்டேன். மற்ற நான்கும் 4,300.

6 ஏப்ரல்

நான்கு வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 1,075. சரியான முடிவு என்றே நினைக்கிறேன், எஞ்சினின் எண்கள் அதைத் தாங்குகின்றன. மேலே 5,200ஐ வைத்துப் போட்ட கணக்கு இனிப் பொருந்தாது. ஆனால் 4,300 போட்டு 13,000க்கு விற்றாலும் 8,700தான், விற்பதற்காகச் செய்தால் இப்போதும் நஷ்டம்தான்.

கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் வழுக்கி ஓடினால் நல்ல நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். மணல் போட்டது போல் உரசினாலோ, உள்வளையம் ஆடினாலோ, சீல் கிழிந்திருந்தாலோ, முதல் 500 மைலிலேயே ஆயிலையும் பில்டரையும் மாற்றி மறுபடி வெட்டிப் பாருங்கள். ஃப்ளைவீல் கீழே இறங்கியிருக்கும்போதே அதைக் கையால் திருப்பி, உள் தட்டு தளர்வில்லாமல் ஸ்பிரிங்கோடு திரும்பி வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் ஏறிவிட்டால் அதைப் பார்க்க மறுபடி முழுக் கூலி.